பக்கத்து சீட்டின் பிரேக்

என் வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பயிற்சிக் காரில் பக்கத்து சீட்டுக்கும் ஒரு பிரேக் உண்டு. இருபத்தெட்டு வருஷமாக அவருடைய வலது கால் அதன் மேலேதான் குடியிருக்கிறது. வீட்டிலும் அது சும்மா கிடக்காது. நான் வெங்காயத்தை வேகமாக நறுக்கினால் தரையை அமுக்குவார். மகளின் கல்யாணப் பேச்சு நடந்தபோதும் மேஜைக்கடியில் அமுக்கிக்கொண்டேதான் இருந்தார். அவளோ சிரித்த முகமாகக் கணவனோடு வேறு ஊருக்குப் போய்விட்டாள்.

வீடு வெறிச்சென்று ஆனது. எப்போதோ விட்ட நர்ஸ் வேலையை ஐம்பத்தோரு வயதில் மறுபடி தேடினேன். கிடைத்தும் விட்டது. வீடு வீடாகக் காரில் போய், படுத்த படுக்கையாக இருப்பவர்களைக் கவனிக்க வேண்டும். அதற்கு லைசென்ஸ் கட்டாயம். மாதக் கடைசிக்குள் வாங்காவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். வீட்டிலேயே மாஸ்டர் இருக்கும்போது என்ன கவலை என்று நினைத்தேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

சோதனையின்போது அதிகாரி பின்சீட்டில் இருப்பார், மாஸ்டர் பக்கத்தில். மாஸ்டரின் கால் பிரேக்கில் பட்டால் சிவப்பு விளக்கு எரியும், கதை முடிந்தது. மற்றவர்களின் சோதனையில் இவர் கால் கல் மாதிரி கிடக்கும். எனக்கு மட்டும் முதல் தடவை ஒரு நாய்க்காக அமுக்கினார். அது எதிர்ப்பக்க நடைபாதையில் தூங்கிக்கொண்டிருந்தது. இரண்டாம் தடவை, காற்றில் பறந்த பிளாஸ்டிக் பைக்காக. வேறு மாஸ்டரைக் கூட்டிப் போகலாமென்றால், எங்கள் ஊரின் ஒரே பயிற்சிப் பள்ளியில் இருப்பதே இவர் ஒருவர்தான்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"நான் ஓட்டறது அவ்வளவு மோசமாவா இருக்கு?"

"நல்லாத்தான் ஓட்டற. என்கிட்ட படிக்கிறவங்கள்ல பாதிப் பேரைவிட நல்லா ஓட்டற."

"அப்புறம் எதுக்கு அமுக்கறீங்க?"

கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். "பொண்ணும் போயிட்டா. உனக்கு ஒண்ணுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

என் கோபம் புஸ்ஸென்று இறங்கிவிட்டது. ஆனாலும் விடவில்லை. "அந்த வேலை எனக்கு வேணுங்க. ஆளில்லாத ரூமைப் பெருக்கிப் பெருக்கிப் பைத்தியமே பிடிச்சிடும் போல இருக்கு. உங்க அன்பு எனக்கு வேணும், உங்க கால் வேண்டாம்."

மூன்றாவது சோதனை மாதத்தின் கடைசி நாளில். அதுதான் கடைசி வாய்ப்பு. மனிதர் என்ன செய்தார் தெரியுமா? ஷூவைக் கழற்றி டிக்கியில் போட்டார். பக்கத்து சீட்டில் ஏறி, பெல்ட்டை மாட்டி, சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"என்ன மாஸ்டர், தியானமா?" என்றார் அதிகாரி.

"ஆமா சார். இன்னைக்குத்தான் ஆரம்பிச்சிருக்கேன்."

பாதி வழியில் ஒரு சந்திலிருந்து லாரி ஒன்று ரிவர்ஸில் வந்து குறுக்கே நின்றது. என் கால் தன் வேலையைச் செய்தது. கார் நின்றது. திரும்பிப் பார்த்தால், இவர் இரண்டு பாதங்களையும் கைகளால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வியர்த்து வழிய உட்கார்ந்திருந்தார். விளக்கு எரியவில்லை.

அந்தக் கணத்தில் எனக்கு ஒன்று தோன்றியது. கடவுளும் இப்படித்தான் நம் பக்கத்து சீட்டில் இருப்பார் போலும். அவருக்கும் ஒரு பிரேக் இருக்கும். நாம் ஓட்டும் லட்சணத்தைப் பார்த்துக்கொண்டும் அமுக்காமல் இருக்கிறாரே, அதற்கு எவ்வளவு அன்பு வேண்டும்! இத்தனை நாள் என்னைக் காப்பாற்றத் துடித்ததைவிட, அன்றைக்கு இவர் சும்மா இருந்ததில்தான் என்மேல் வைத்த பிரியம் முழுசாகத் தெரிந்தது.

பாஸ் ஆனேன். அதிகாரி கை கொடுத்தது எனக்கில்லை, இவருக்கு!

திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். வேலைக்கென்று அவர்கள் கொடுத்த சின்னக் காரை முந்தின நாளே வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். நேரம் நிறைய இருந்ததால், "வாங்க, பயிற்சிப் பள்ளியில இறக்கி விடறேன்" என்றேன். வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு தெரு தாண்டியும் ஒரு வார்த்தை இல்லை. சரி, பயத்தை மென்று முழுங்குகிறார் என்று நினைத்தேன். சிக்னலில் நின்றபோது லேசாகக் குறட்டை கேட்டது.

கல்யாணமான நாளிலிருந்து, ஓடுகிற வண்டியில் இந்த மனிதர் கண் மூடி நான் பார்த்ததே இல்லை. வாய் திறந்து, தலை என் பக்கம் சாய்ந்து, குழந்தை மாதிரி தூங்கினார். பயிற்சிப் பள்ளி வாசல் வந்தது. எழுப்ப மனம் வரவில்லை. இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. மெதுவாக இன்னொரு சுற்று ஓட்டினேன்.