மயில் ஸ்டிக்கரும் ஜல்லி லாரியும்

கேரவன் செய்கிறவர்கள் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. காருக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போகிற வண்டி அது. காற்றோ கல்லோ எது வந்தாலும் முகத்தில்தான் வாங்கவேண்டும். அதற்குப் போய் முட்டை ஓடு மாதிரி ஒரு முன்பக்கத்தை வைத்து விற்கிறார்கள். உள்ளே அடுப்பு உண்டு, குளிர்பெட்டி உண்டு, மடக்குக் கட்டில் உண்டு, இத்துனூண்டு பாத்ரூம்கூட உண்டு. ஒரு கோலிக்குண்டு அளவு கல்லைத் தாங்குகிற நெற்றி மட்டும் கிடையாது. கேட்டால் வாரண்டியில் வராது என்கிறார்கள். ரோட்டில் ஓடுவதற்காகவே செய்த வண்டிக்கு ரோட்டுக் கல்லால் ஆகிற சேதம் வாரண்டியில் வராதாம். இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

இந்தக் கோபம் அப்பாவிடமிருந்து எனக்கு வந்தது. மூக்கும் முன்கோபமும் அப்படியே அவருடையவை என்று அம்மா சொல்வாள்.

எனக்குப் பத்து வயது நடந்தபோது அப்பா ஒரு கேரவன் வாங்கினார். நாங்கள் பர் துபாயில் ஒரு ஃபிளாட்டில் இருந்தோம். அப்பா ஒரு ஏசி கம்பெனியில் இன்ஜினியர். எங்களுக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களில் பெரிய கார் வாங்கியவர்கள் உண்டு, ஊரில் வீடு கட்டியவர்கள் உண்டு, கேரவன் வாங்கியவர் யாரும் இல்லை. பெருமை தாங்காமல் ஊருக்குப் போன் போட்டுச் சொன்னார். பெரியப்பா மறுமுனையில் நிதானமாக, "எந்தப் படத்துல நடிக்கப் போற?" என்று கேட்டார். ஊரில் கேரவன் என்றால் நடிகர்கள் மேக்கப் போட ஏறுகிற வண்டிதானே. அப்பா இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

வண்டிக்குப் பூசணிக்காய் உடைக்க வேண்டும் என்றாள் அம்மா. கட்டட வாட்ச்மேன் விடவில்லை. நான்கு எலுமிச்சம்பழத்தோடு அவள் சமாதானம் ஆனாள். என் பங்குக்கு நான் சத்வாவில் ஒரு ஸ்டிக்கர் கடையில் தோகை விரித்த மயில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். என் இடுப்பு உயரம் இருக்கும். அதை முன்பக்கத்தில் நானே ஒட்டினேன். அப்பா ரசமட்டம் வைத்துப் பார்த்து, மயில் கோணாமல் நிற்கிறது என்று சான்றிதழ் கொடுத்தார். அந்த வண்டியில் எனக்கென்று இருந்தது அந்த மயில்தான். பள்ளிக்கூடத்தில் அதைப் பற்றி ஒரு வாரம் அளந்துவிட்டிருந்தேன்.

முதல் பயணத்துக்கு மாமாவும் வந்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. ராஸ் அல் கைமா பக்கம் ஒரு கல் குவாரியில் ஜல்லி லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த வேலையை விசாரித்து வாங்கிக் கொடுத்தவர் அப்பாதான். அம்மா அக்கம்பக்கத்தில், "தம்பி டிரான்ஸ்போர்ட்ல இருக்கான்" என்று மட்டும் சொல்லுவாள். எனக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தாள். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை லேபர் கேம்பிலிருந்து பஸ் பிடித்து வருவார். குளித்து, அயர்ன் பண்ணின சட்டை போட்டு, சென்ட் அடித்துக்கொண்டு வந்தாலும் காது மடிப்பில் மெல்லிய வெள்ளைத் தூள் ஒட்டியிருக்கும். மாமாவுக்குப் பவுடர் சரியாகப் போடத் தெரியவில்லை என்று நான் நினைத்துக்கொள்வேன்.

திப்பா கடற்கரைக்குப் போவதாகத் திட்டம். அப்பா ஓட்டினார், மாமா பக்கத்தில், நானும் அம்மாவும் பின்னால். தைத் என்கிற ஊரைத் தாண்டி ஒரு கஃபட்டீரியா வந்தது. இங்கே டீ குடிக்க யாரும் காரை விட்டு இறங்குவதில்லை. கடை வாசலில் நிறுத்தி ஹார்ன் அடித்தால் பையன் ஓடிவந்து கேட்டுப் போவான், டீ கார் ஜன்னலுக்கு வந்து சேரும். அப்பாவும் வழக்கம்போல் வாசலில் நிறுத்தி ஹார்ன் அடித்தார். பின்னால் இருபதடிக்கு ஒரு வீடு தொங்கிக்கொண்டிருக்கிறது என்பது அவருக்கு ஞாபகம் இல்லை. வாசல் மொத்தமும் அடைத்துவிட்டது. கடைக்காரர் வெளியே வந்து, பக்கத்துக் காலி இடத்துக்குப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். அங்கே கட்டட வேலைக்குக் கொட்டி மிச்சமான ஜல்லி பரவிக் கிடந்தது.

இறங்கி நடந்து போய் டீ குடித்திருக்கலாம். ஜன்னலுக்கு வருகிற டீயை விட்டுக்கொடுக்க எங்களில் யாருக்கும் மனசு வரவில்லை. ஜல்லியின் மேல் ஏற்றி நிறுத்தினோம், டீ வந்தது, குடித்தோம். அதற்குள் அப்பாவுக்கு அவசரம் வந்துவிட்டது. நேரமாகிவிட்டால் கடலைப் பார்த்தபடி வண்டி நிறுத்துகிற இடமெல்லாம் போய்விடும்.

"மெதுவா எடுங்க அத்தான், ஜல்லி கெடக்கு" என்றார் மாமா.

"இது உன் டிப்பர் இல்ல மாப்ள, ஃபோர் வீலு" என்று சொல்லி அப்பா அழுத்தினார். சக்கரம் ஒரு சுற்று சும்மா சுற்றி, பிறகு பிடித்துக்கொண்டு வண்டி பாய்ந்தது. பின்னால் சடசடவென்று சோளம் பொரிகிற மாதிரி ஒரு சத்தம். "பவரைப் பாத்தியா?" என்றார் அப்பா. மாமா ஒரு தடவை திரும்பிப் பின் கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

அப்புறம்தான் அந்த ஜல்லி லாரி வந்து மாட்டியது. எங்களுக்கு முன்னால், தார்ப்பாய் பாதி மூடியும் பாதி காற்றில் அடித்துக்கொண்டும், ஆடி அசைந்து போனது. கேரவனை இழுத்துக்கொண்டு முந்திப் போக அப்பாவுக்குத் தைரியம் இல்லை. தைரியம் இல்லாத கோபத்தை லாரி டிரைவரைத் திட்டித் தீர்த்துக்கொண்டார். மூளை இல்லாத ஜென்மங்கள், இவன்களுக்கெல்லாம் யார் லைசென்ஸ் கொடுக்கிறார்கள் என்று அரைமணி நேரம். மாமா ஜன்னல் பக்கம் திரும்பி மலையைப் பார்த்துக்கொண்டு வந்தார். லாரியின் பின்புறம், என் ஓட்டுதல் சரியில்லை என்றால் இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள் என்று எழுதியிருந்தது. அப்பா சொல்லச் சொல்ல, அந்த எண்ணையும் வண்டி நம்பரையும் டீயோடு வந்த டிஷ்யூவில் நான் எழுதி வைத்தேன். எழுதி முடித்ததும் அம்மா மடியில் படுத்துத் தூங்கிவிட்டேன். அம்மாவும் எனக்கு முன்பே தூங்கியிருந்தாள். கண் விழித்தபோது கடல் தெரிந்தது, லாரியைக் காணோம்.

கடற்கரையில் இறங்கி முன்பக்கத்தைப் பார்த்த அப்பா போட்ட சத்தத்தில் பக்கத்து ஆட்கள் எழுந்து நின்றார்கள். பேனலின் கீழ்ப்பக்கத்தில் எங்கு பார்த்தாலும் குழி. இரண்டு இடத்தில் விரிசலே விழுந்திருந்தது. என் மயிலுக்குக் கொண்டை இருந்தது, கழுத்து இருந்தது, தோகை முழுசாக இருந்தது. கால் இரண்டும் கந்தலாகிப் போயிருந்தன. நான் மண்ணில் உட்கார்ந்து அழுதேன். வாங்கிப் பத்து நாள்கூட ஆகவில்லை.

அப்பா வண்டி விற்ற கடைக்குப் போன் போட்டார். எடுத்தவர் மலையாளி. "கல்லு கொண்டால் வாரண்டி இல்ல சாரே" என்றார். கல் படாமல் ஓட்ட இது என்ன விமானமா என்று அப்பா கேட்டார். கல் படக்கூடாது என்றால் எதற்கய்யா இதற்கு ஒரு முன்பக்கம் வைத்தாய் என்று கேட்டார். அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.

அதற்குள் அங்கே முகாம் போட்டிருந்த மற்ற கேரவன்காரர்கள் கூடிவிட்டார்கள். அப்போதுதான் கவனித்தேன், அத்தனை பேர் வண்டியிலும் முன்பக்கம் அடிபட்டுத்தான் இருந்தது. ஒருவர் வெள்ளி டேப் ஒட்டியிருந்தார். ஒருவர் வாசல் மிதியடியைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். இன்னொருவர் பிளைவுட் பலகையை அறைந்து, வண்டியைச் சந்தைக்குப் போகிற கோழிக்கூண்டு மாதிரி ஆக்கியிருந்தார். ஆளுக்கொரு மொழியில் எல்லோரும் ஒரே கதையைச் சொன்னார்கள். லாரி, லாரி, லாரி. துக்க வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி பேனலைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். ஒருவர்கூடத் தன் காரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்பாவுக்கு டிஷ்யூ ஞாபகம் வந்தது. லாரி கம்பெனியைக் கூப்பிட்டு, இந்தியும் ஆங்கிலமுமாகக் குதித்தார். சூப்பர்வைசர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான் போல. அப்பா போனைக் கையால் மூடிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"லாரியிலேருந்து கல்லு விழுந்ததப் பாத்தியா?"

மயிலின் கந்தல் காலைப் பார்த்தேன். யாரையாவது பிடித்துக் கொடுத்தே ஆகவேண்டும் போலிருந்தது. "பாத்தேன்ப்பா. தார்ப்பாய்லேருந்து பெரிய பெரிய கல்லா விழுந்துச்சு" என்றேன். சொன்னதும் எனக்கே கண்ணால் பார்த்த மாதிரி ஆகிவிட்டது.

"மை டாட்டர் சா இட்" என்றார் அப்பா போனில். டிரைவரிடம் விசாரித்துவிட்டுத் திரும்பக் கூப்பிடுகிறேன் என்று சூப்பர்வைசர் சொன்னானாம்.

மாமா அதுவரை கூட்டத்துக்கு வெளியே நின்றிருந்தார். இப்போது பக்கத்தில் வந்து, "அந்த டிரைவர் பாவம் அத்தான். கம்ப்ளைன்ட் போச்சுன்னா வண்டிய விட்டு எறக்கிருவானுவ. அப்புறம் ஊருக்குத்தான்" என்றார். "போகட்டுமே" என்றார் அப்பா. எனக்கும் போகட்டும் என்றுதான் இருந்தது. மாமா யார் பக்கம் என்று கோபமாகக்கூட வந்தது.

மாமா எங்கள் காரின் முன்னால் போய் நின்றார். பானெட்டை உள்ளங்கையால் மெதுவாகத் தடவினார், முன் கண்ணாடியைத் தடவினார், விளக்குகளைக் குனிந்து பார்த்தார். "கார்ல ஒரு கீறல்கூட இல்ல அத்தான்" என்றார். "அதாவது தப்பிச்சுதே, கடவுள் புண்ணியம்" என்றார் அப்பா. மாமா கேரவன் பக்கம் வந்து மறுபடியும் அதையே சொன்னார்.

அரைமணி நேரத்தில் போன் வந்தது. கல் விழவே இல்லை என்று டிரைவர் சாதித்தானாம். ஒரு குழந்தை ஏன் பொய் சொல்லப்போகிறது என்று கேட்டு அவனை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்களாம். கலாஸ், முடிந்தது, இனி ஆபீஸ் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லி சூப்பர்வைசர் மன்னிப்பும் கேட்டான். பேனலுக்கு ஒன்றும் கிடைக்காது, ஆனாலும் அப்பாவின் முகம் தெளிந்துவிட்டது. பிரியாணிப் பாத்திரத்தைத் திறக்கச் சொன்னார். நான் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். மாமா சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு, டூட்டி இருக்கிறது என்று ஒரு டாக்சியை மறித்துப் போய்விட்டார். அடுத்து வந்த சில மாதங்கள் அவர் வீட்டுப் பக்கம் வரவில்லை. டூட்டி அதிகம் என்றாள் அம்மா. அந்த டிரைவர் எந்த நாட்டுக்காரன், என்ன ஆனான் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

போன மாதம் நானும் என் கணவரும் ஒரு பழைய கேரவனை வாங்கி, முன்பக்கத்துக்குப் புதுசாகப் பெயின்ட் அடித்து, ஹத்தா பக்கம் இழுத்துக்கொண்டு போனோம். கடைசி இரண்டு கிலோமீட்டர் ஜல்லி பரப்பிய மண் ரோடு. இறங்கிப் பார்த்தால் முன்பக்கத்தில் பதினொரு குழி. நான் அப்பாவின் மகள், ஊரைக் கூட்டிவிட்டேன். பெயின்ட் அடித்தவனை, பேனல் செய்தவனை, ரோடு போட்டவனை, ஒருத்தரை விடவில்லை. "எந்த வண்டி அடிச்சுது?" என்று கேட்டார் கணவர். வாயைத் திறந்தேன், சொல்ல ஒரு வண்டிகூட இல்லை. அன்று வழி நெடுக எங்களுக்கு முன்னால் ஒரு சைக்கிள்கூடப் போகவில்லை.

பதினொரு குழியும் முழங்கால் உயரத்திலேயே இருந்தன. நான் மெல்ல நடந்து காரின் முன்னால் போனேன். பானெட்டைத் தடவினேன், கண்ணாடியைத் தடவினேன். வழவழவென்று இருந்தது. முன்னால் போகிற எதிலிருந்து கல் விழுந்தாலும் அது முதலில் காரைத்தானே அடிக்கவேண்டும்? எங்கள் காரின் பின்சக்கர டயர்ப் பட்டன்களின் இடுக்கில் ஜல்லி இன்னும் சொருகிக்கொண்டிருந்தது.

அன்று அக்காள் புருஷனிடம், வேலை வாங்கிக் கொடுத்தவரிடம், நீங்கள் எடுத்த எடுப்பில் உங்கள் சக்கரம்தான் கல்லை வாரி அடித்தது, உங்கள் மகள் பொய் சொல்கிறாள் என்று நாலு பேர் முன்னால் மாமாவால் சொல்லமுடியாது. அதனால் எங்கள் கண்ணால் பார்க்கிற மாதிரி காரைக் காட்டினார். முதல் தடவை அப்பாவிடம் காட்டினார். இரண்டாவது தடவை அப்பாவிடம் இல்லை. கந்தலான மயிலின் முன்னால் உட்கார்ந்திருந்த என்னிடம் வந்து, என் உயரத்துக்குக் குத்தவைத்து உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"கார்ல ஒரு கீறல்கூட இல்ல, பாத்தியா பிள்ள?"

மாமா ஆறுதல் சொல்கிறார் என்று நினைத்தேன். அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. "அதுக்கு? மயிலுக்குக் கால் வந்துருமா?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மாமா உடனே எழுந்திருக்கவில்லை. நான் வேறு ஏதாவது சொல்வேன் என்று கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். சூப்பர்வைசர் அப்போது இன்னும் திரும்பக் கூப்பிட்டிருக்கவில்லை.