பேரிங் மாற்றுவதற்கு முன்னால்

கடைக்கு யாராவது போன் போட்டு, "டிரம் சரியில்லைங்க" என்று சொன்னால், மெக்கானிக் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "எந்த டிரம்?" வாஷிங் மெஷினுக்குள் துணியைச் சுழற்றுகிற தொட்டிக்கும் டிரம் என்றுதான் பெயர். மேடையில் உட்கார்ந்து குச்சியால் அடிப்பதற்கும் அதே பெயர்தான். இரண்டையும் தொழிலாக வைத்துக்கொண்ட ஆள் அந்த வட்டாரத்தில் அவர் ஒருவர்தான். முதல் டிரம்மில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இரண்டாவதைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால், அவர் மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். அந்தச் சிரிப்புக்கு இப்போது வயது பதினெட்டு.

அவர்களுடையது நாலு பேர் கொண்ட ராக் குழு. சொந்தப் பாட்டு மட்டும்தான் வாசிப்பார்கள், எந்தக் கம்பெனியின் வாசலிலும் போய் நிற்கமாட்டார்கள். எந்தக் கம்பெனியும் கூப்பிடவில்லை என்பது வேறு விஷயம். பாடுகிறவன் தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கிற வேலையில் இருந்ததால் அவனுக்குத் தபால் என்றே பெயர் நிலைத்துவிட்டது. கிட்டார் வாசிக்கிற நெட்டையன் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். பேஸ் கிட்டார் வாசித்தது ஒரு கணக்கு டீச்சர். அவர் பேசுவது அபூர்வம், பேசினால் எண்களாகத்தான் வரும். டிரம்ஸுக்கு மெக்கானிக். வாசிப்பில் அவர் சுத்தம். சுத்தம் என்பதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லாத அளவுக்குச் சுத்தம்.

குழுவுக்குப் பெயர் வைத்ததே ஒரு கூத்து. பயிற்சி எல்லாம் மெக்கானிக்கின் பட்டறையில்தான். அங்கே நாலு பேரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட முதல் போட்டோவில், தலைக்குப் பின்னால் 'வாரண்டி கிடையாது' என்று கடைப் பலகை தொங்கியது. முதல் நிகழ்ச்சிக்காகப் போட்டோவை வாங்கிப் பார்த்த அரங்கக்காரர் அதுதான் பெயர் என்று நினைத்து நோட்டீஸ் அடித்துவிட்டார். இரண்டு மாதமாகப் பெயருக்காக மண்டையை உடைத்துக்கொண்டிருந்த தபால், இதைவிட நல்லதாக நமக்குத் தோன்றப்போவதில்லை என்று ஒப்புக்கொண்டான். அந்த நிகழ்ச்சிக்கு வந்திருந்தவர்கள் பதினாறு பேர். அதில் ஏழு பேர் டீச்சரின் பள்ளிக்கூட ஆசிரியர்கள், மரியாதைக்காகக் கடைசிவரை உட்கார்ந்திருந்தார்கள்.

பிறகு அந்தப் பாட்டு வந்தது. 'பக்கத்து ஜன்னல்'. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஷட்டரை இறக்கிவிட்டு, இரவல் வாங்கிய இரண்டு மைக்கை வைத்துப் பட்டறையிலேயே பதிவு செய்தார்கள். முகத்தைப் பார்த்தால் பாட வராது என்று தபால் சொன்னதால் முன்னால் நின்ற மூன்று பேரும் ஷட்டரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள். மெக்கானிக் அவர்கள் முதுகுக்குப் பின்னால், சோதனைக்கு வைத்திருந்த மெஷின்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அதில் ஒன்று பேரிங் தேய்ந்து வந்திருந்தது. சத்தம் எந்தக் கட்டத்தில் கிளம்புகிறது என்று பார்ப்பதற்காக, ஈரப் போர்வை ஒன்றைப் போட்டுக் காலையிலேயே அதை ஓடவிட்டிருந்தார். அது நீரில் ஊறிக்கொண்டு சத்தமில்லாமல் கிடந்ததில், அப்படி ஒன்று ஓடுவதையே மறந்துவிட்டார்.

தபால் அன்று காலையில்தான் இன்னொரு சரணம் எழுதிச் சேர்த்திருந்தான். மற்ற இருவரிடமும் சொன்னவன் மெக்கானிக்கிடம் சொல்ல மறந்துவிட்டான். ஆகவே தன் கணக்குப்படி பாட்டு முடிந்ததும் மெக்கானிக் குச்சியைக் கீழே வைத்துவிட்டார். சரியாக அந்த நொடியில் மெஷின் பிழிகிற கட்டத்துக்குப் போனது.

தட். தடக்கு. தட் தட். தடக்கு. நொண்டிக்கொண்டு, விழப்போவது போலப் போய், விழாமல் சமாளித்துக்கொண்டு வருகிற ஒரு தாளம். முன்னால் நின்றவர்கள் அதை மெக்கானிக் வாசிப்பதாக நினைத்துக்கொண்டார்கள். டீச்சரின் விரல்கள் அதன் பின்னாலேயே போயின. நெட்டையனின் கிட்டார் அதுவரை போகாத இடத்துக்கெல்லாம் போயிற்று. தபால் வார்த்தையை விட்டுவிட்டு வெறும் குரலாகப் பாடினான். இரண்டு நிமிடம் பத்து நொடி. மெஷின் நின்றதும் எல்லோரும் நின்றார்கள்.

தபால் திரும்பியபோது அவன் கண் கலங்கியிருந்தது. ஓடிவந்து மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டான். "இத்தனை நாளா இதை எங்கடா வெச்சிருந்த?"

சொல்லியிருக்கலாம். பக்கத்தில்தான் இருந்தது, கையை நீட்டிக் காட்டியிருந்தால் போதும். ஆனால் வாசிப்புக்காக யாரும் அவரை அதுவரை கட்டிக்கொண்டதில்லை. திறந்த வாயை மூடிக்கொண்டார். மறுநாள் காலையில் அந்த மெஷினுக்குப் புதுப் பேரிங் போட்டு, ஓசையே இல்லாமல் ஓடுகிற மாதிரி செய்து, உரியவருக்கு அனுப்பியும் வைத்துவிட்டார். சாட்சியைக் கலைக்கவேண்டும் என்றெல்லாம் அவர் நினைக்கவில்லை. பழுதை அப்படியே விட அவர் கைக்கு வராது, அவ்வளவுதான்.

ஆறு வாரத்தில் பாட்டு ரேடியோவில் ஏறியது. கேட்டவர்கள் எல்லாம் அந்தக் கடைசி இரண்டு நிமிடத்தைத்தான் சிலாகித்தார்கள். மெக்கானிக்குக்குத் தலைகால் புரியவில்லை. அப்படி ஒரு நாளில்தான் ஒரு பெண் கடைக்குள் வந்து, பையை மேஜைமேல் வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"ரேடியோவுல உங்க பாட்டு கேட்டேன். கடைசியில வர்றது என் மிஷின்."

அந்த மாதிரிச் சத்தம் எத்தனையோ மெஷினில் வரும் என்று மெக்கானிக் மழுப்பிப் பார்த்தார். அந்தப் பெண் விடவில்லை. நாலு வருஷம் அந்தச் சத்தத்தோடு குடித்தனம் நடத்தியவர் அவர். பிழிய ஆரம்பித்தால் மெஷின் நகர்ந்து நகர்ந்து கதவுவரை போய்விடும் என்பதால், ஒவ்வொரு தடவையும் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டுதான் புத்தகம் படிப்பாராம்.

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?" என்று கேட்டார் மெக்கானிக்.

"இன்னும் இல்ல."

அந்த 'இன்னும்' அவரைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. மாதம் ஒருமுறை தானாகப் போய் அந்த மெஷினைச் சோதித்துவிட்டு வர ஆரம்பித்தார். கெடாத மெஷினை ஒரு மனுஷன் எத்தனை தடவைதான் சோதிப்பார்? அடுத்த வருஷமே இருவருக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. மெஷினும் கூடவே வந்தது. அதற்குப்பிறகு வீட்டில் வாக்குவாதம் முற்றி மெக்கானிக் ஜெயிக்கப்போகிற நேரத்திலெல்லாம், அந்த அம்மாள் ஒரு ஸ்பூனை எடுத்து மேஜையில் தட்டுவார். தட். தடக்கு. அவர் அடங்கிவிடுவார்.

வீட்டில் அடங்கலாம், மேடையில் என்ன செய்வது? போகிற இடமெல்லாம் அந்தப் பாட்டைத்தான் கேட்டார்கள். தனியாக இருக்கும்போது எவ்வளவோ வாசித்துப் பார்த்தார், வரவில்லை. நொண்டுகிற எதையும் நேராக்கிப் பழகிய கை அது. நாலு அடி வைப்பதற்குள் தாளத்தை ஒழுங்குபண்ணிவிடும், அது ஒன்றுக்கும் உதவாத சாதாரணத் தாளமாகிவிடும். ஆகவே மேடையில் தன் கணக்கு முடிந்ததும் குச்சியை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொள்வார். மற்ற மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு பாட்டை எப்படியோ முடிப்பார்கள். ஒரு பத்திரிகை இதைப் பார்த்துவிட்டு, செய்ததைத் திரும்பச் செய்ய மறுக்கும் கலைஞர் என்று அரைப்பக்கம் எழுதியது. அதை அவர் மனைவி கத்தரித்து மெஷினின் மேல் ஒட்டிவைத்தார்.

தபாலுக்கு அது சிரிப்பாக இல்லை. இரண்டாவது ஆல்பம் எடுபடவில்லை, மூன்றாவது பாதியில் நின்றது. ஐந்தாவது வருஷம், ஒரு திறந்தவெளி மைதானத்தில், பெரிய குழு ஒன்று வருவதற்கு முன்னால் அரைமணி நேரம் இவர்களுக்குக் கிடைத்தது. அத்தனை பெரிய கூட்டத்தை நாலு பேருமே பார்த்ததில்லை. பாட்டின் கடைசிக்காகக் கூட்டம் கைதட்டிக் காத்திருந்தது. மெக்கானிக் குச்சியைக் கீழே வைத்தார். மேடைக்குப் பின்னால் தபால் அவரிடம் ஒரே வாக்கியம் சொன்னான். "உன்கிட்ட இருக்கறதை எங்களுக்குக் குடுக்க உனக்கு மனசு இல்லடா."

இல்லாததை எங்கிருந்து கொடுப்பார். அதைச் சொல்லவும் வாய் வரவில்லை. குழு அன்றோடு கலைந்தது. பதிமூன்று வருஷம் தபாலும் அவரும் பேசிக்கொள்ளவில்லை. மெக்கானிக் அதன்பிறகு சிரிக்காமல் இல்லை, சாப்பிடாமல் இல்லை. ஆனால் அவருக்கு இருந்த ஒரே சிநேகிதன் போய்விட்டான். கடிதம் எதுவும் வருவதற்கில்லை என்றாலும், தபால்பெட்டியைத் திறந்து பார்க்கிற பழக்கம் மட்டும் போகவில்லை.

இந்த வருஷம் ஒருநாள் கடைக்குப் போன் வந்தது. "டிரம் வேணும்" என்றது குரல்.

"எந்த டிரம்?" என்றார், வழக்கம்போல.

"நான்தாண்டா" என்றான் தபால்.

காலேஜ் பிள்ளைகள் யாரோ அந்தப் பாட்டைத் தோண்டியெடுத்துப் பரப்பியிருந்தார்கள். பழைய அரங்கக்காரர் ஒரு நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டிருந்தார். மற்ற இருவரும் வருவதாகச் சொல்லிவிட்டார்கள். தபால் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டான்: கடைசி இரண்டு நிமிடத்தை வாசிக்கவேண்டும். முடியாதென்றால் இப்போதே சொல்லிவிடு, வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்றான். வருகிறேன் என்று சொல்லிவிட்டு மெக்கானிக் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

பத்து நாள் அடித்துப் பார்த்தார். பத்து நாளும் தாளம் நேராகிக்கொண்டே வந்தது. "சொல்லிடுங்க," என்றார் மனைவி. இந்தத் தடவை ஸ்பூனைத் தொடவில்லை. "போனா போறான். ஏற்கெனவே போனவன்தானே."

முதல் பயிற்சிக்கு நாலு பேரும் பட்டறையில் கூடியபோது சொன்னார். போர்வை, பேரிங், புதுச் சரணம், எல்லாவற்றையும் தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லிமுடித்தார். முதலில் சிரித்தது டீச்சர். அந்தத் தாளம் ஐந்து அடியா ஏழு அடியா என்று தெரியாமல் எத்தனையோ விடுமுறைகளைக் கரும்பலகையில் செலவழித்தவர் அவர். "நிமிஷத்துக்கு எத்தனை சுத்து?" என்று மட்டும் கேட்டார். நெட்டையன் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

தபால் சிரிக்கவில்லை. எழுந்து வெளியே போனான். கால்மணி நேரம் ஆயிற்று. மெக்கானிக் டிரம்ஸைக் கழற்றவே ஆரம்பித்துவிட்டார். அவன் திரும்பி வந்து கதவில் சாய்ந்துகொண்டான்.

"இதுக்காகவா பதிமூணு வருஷம் பேசாம இருந்த?"

"நீதானடா பேசல."

தபால் உள்ளே வந்து, கழற்றிவைத்த டிரம் ஒன்றை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தான். பிறகு, "அந்த மிஷின் இருக்கா?" என்றான்.

இருந்தது. வீட்டில் இன்னும் துணி துவைத்துக்கொண்டுதான் இருந்தது. ஈரப் போர்வையோடு அதையே மேடையில் ஏற்றிவிடுவது என்று முடிவாயிற்று. நிகழ்ச்சியன்று சாயங்காலம் நாலு பேர் சேர்ந்து தூக்கி, டிரம்ஸுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். இயக்குவதற்கு மனைவி. முந்நூறு பேர் வந்திருந்தார்கள். தபால் முன்னால் வந்து, கூச்சப்படாமல், நடந்த கதையைச் சொன்னான். அரங்கம் சிரிப்பில் அதிர்ந்தது. மெக்கானிக்கின் காது சிவந்தது, ஆனால் பதினெட்டு வருஷமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போய்விட்ட மாதிரியும் இருந்தது.

பாட்டு நடந்தது. தன் கணக்கு முடிந்ததும் மெக்கானிக் குச்சியைக் கீழே வைத்தார். அம்மாள் பொத்தானை அழுத்தினார். மெஷின் சுழன்றது.

சத்தமே இல்லை.

வராதுதான், உண்மையைச் சொல்லிவிட்ட நிம்மதியில் அதை மெக்கானிக்கே மறந்துவிட்டார். இரண்டு தடவை பேரிங் மாற்றி, வருஷம் தவறாமல் எண்ணெய் போட்டு, கல்யாணப் பரிசு மாதிரிப் பார்த்துக்கொண்டதாயிற்றே. அத்தனை வருஷத்து ஒழுங்கான வேலையும் அந்த நேரம் பார்த்துத்தான் பலன் கொடுக்கவேண்டுமா? மெஷின் ஒரு கொசுவின் அளவுக்கு முனகிக்கொண்டு நேராக ஓடியது. டீச்சர் திரும்பிப் பார்த்தார். கூட்டத்தில் யாரோ இருமினார்கள். தபாலின் முதுகு அன்று மைதானத்தில் விறைத்த அதே மாதிரி விறைப்பதை மெக்கானிக் பார்த்தார்.

அப்போது அவர் மனைவி மெஷின்மேல் ஏறி உட்கார்ந்தார். யோசித்துச் செய்ததாகத் தெரியவில்லை, பழக்கம். உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டதும் குதிகால் இரண்டும் தகரத்தில் மோதின. தட். தடக்கு. தட் தட். தடக்கு. நாலு வருஷம் மெஷின்மேல் உட்கார்ந்து உடம்பு வாங்கிக்கொண்ட தாளம் இன்னும் காலில் அப்படியே இருந்தது. எந்த மெக்கானிக்கும் அங்கே கைவைத்ததில்லை.

மெக்கானிக் குச்சியை எடுத்தார். தாளத்தை எண்ணவில்லை. அந்தக் கால் எங்கே பிந்துகிறதோ அங்கே பிந்தினார், எங்கே சறுக்குகிறதோ அங்கே சறுக்கினார். ஒருதடவை கை வழக்கம்போல ஒழுங்குபண்ணப் பார்த்தது. அம்மாள் அவரை ஒரு முறை முறைத்தார், கை விட்டுவிட்டது. டீச்சர் உள்ளே வந்தார், நெட்டையன் வந்தான். தபால் இந்தத் தடவை கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மெக்கானிக்கின் முகத்தைப் பார்த்துப் பாடினான். மெஷின் எப்போதோ தன்பாட்டில் நின்றுபோயிருந்தது. யாரும் கவனிக்கவில்லை.

முடிந்து, மெஷினை வண்டியில் ஏற்றுகிறபோது தபால் வந்தான். எல்லோரும் பார்க்க மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டான். இந்தத் தடவை மெக்கானிக் அவனிடம் மறைத்தது ஒன்றுமில்லை.

வண்டி கிளம்பியதும் அவர், கேட்கக்கூடாது கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே, மனைவியிடம் கேட்டுவிட்டார். எப்படி இருந்தது என்று.

அம்மாள் நன்றாக யோசித்துவிட்டுச் சொன்னார். "நல்லாத்தான் வாசிச்சீங்க. ஆனா பேரிங் மாத்துறதுக்கு முன்னாடி இதைவிட நல்லா இருந்துச்சு."