கடைசி வரிசை ஒரேஸ்தே

ஒரேஸ்தே கல்மினி வயலின் படிக்கத்தான் போனார். வட இத்தாலியில் கிரெமோனாவுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர், அப்பாவுக்கு இறைச்சிக்கடை. பதினொரு வயதில் அவர் ஊர் இசைப்பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது, வயலின்களை எல்லாம் மற்றப் பிள்ளைகள் எடுத்துவிட்டிருந்தார்கள். மூலையில் டபுள் பாஸ் ஒன்று மட்டும் நின்றது. பார்க்க வயலின் மாதிரித்தான், ஆனால் வளர்ந்த ஆளைவிட உயரம். நின்றபடி கட்டிப்பிடித்து வாசிக்க வேண்டும். ஆசிரியர் பையனின் காதைச் சோதிக்கவில்லை, விரலைப் பார்க்கவில்லை. தோளைப் பார்த்தார். "இவன் தூக்குவான்" என்றார். அத்தோடு தொழில் முடிவாகிவிட்டது.

மிலானில் படித்தார். இருபத்தாறாவது வயதில், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஓர் இசைக்குழுவின் பாஸ்காரர் பனிச்சறுக்கில் கையை முறித்துக்கொள்ள, அவருடைய இடத்துக்கு மூன்று மாதத்துக்கென்று வந்தார். முப்பத்தொன்பது வருடம் இருந்தார், அதுவும் கடைசி வரிசையில். மெட்டெல்லாம் வயலின்காரர்களுக்கும் குழல்காரர்களுக்கும் போய்விடும். அடியில் நின்று தும் தும் என்று தாங்குவதுதான் ஒரேஸ்தேயின் வேலை. தாயார் ஒருமுறை இத்தாலியிலிருந்து கச்சேரிக்கு வந்தார். முடிந்ததும் மகனின் கன்னத்தைத் தடவி, "அழகாக நின்றாய்" என்றார்.

நடுவில் கலியாணமும் ஒன்று நடந்து, சண்டையில்லாமல் முடிந்தது. மனைவி சொன்ன காரணம் ஒன்றுதான்: இந்தச் சின்ன வீட்டில் பாஸோடு சேர்த்து மூன்று பேர் இருப்பது கஷ்டம்.

அறுபத்தைந்தில் ஓய்வு கொடுத்தார்கள். பூச்செண்டும் கைக்கடிகாரமும் தந்தார்கள். வீட்டுக்கு வந்தவருக்கு, வாசிப்பதற்கு ஒன்றும் இல்லை என்பது இரண்டாம் நாள்தான் தெரிந்தது. தன் பங்கை மட்டும் தனியே வாசித்தால், யாரோ மாடியில் கட்டில் நகர்த்துவது போலத்தான் கேட்டது.

அதே கட்டடத்தில் மூன்றாம் மாடியில் இமெல்டா இருந்தார். மன்னாரிலிருந்து வந்தவர், முதியோர் இல்லமொன்றில் வேலை. லிஃப்டுக்குள் ஒரேஸ்தேயும் பாஸ் பெட்டியும் ஏறினால் மெலிந்த ஓர் ஆளுக்குத்தான் இடம் மிஞ்சும். அந்த ஆள் பெரும்பாலும் இமெல்டாவாக இருந்தார். ஆறு வருடமாக அவர் இந்த மனிதரைத் தளபாட வியாபாரி என்றே நினைத்திருந்தார். ஒரே அலுமாரியைத் தினமும் கொண்டுபோய், விற்க முடியாமல் திருப்பிக் கொண்டுவருகிறார், பாவம் என்று அவருக்காக மெழுகுதிரிகூடக் கொளுத்தியிருக்கிறார்.

ஓய்வுக்குப் பிறகு ஒருநாள், ஒரேஸ்தே பாஸைப் பழுதுபார்த்துக் கொண்டுவந்தபோது, கேட்டேவிட்டார். இருவருக்கும் பொதுவாக இருந்தது தட்டுத்தடுமாறிய ஜெர்மன். அதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"இது போகேல்லையோ அண்ணை இன்னும்?"

"எது?"

"இந்த அலுமாரி."

ஒரேஸ்தே பெட்டியைத் திறந்து காட்டினார். லிஃப்ட் இருவரையும் வைத்துக்கொண்டே மூன்றாம் மாடியில் நின்று, மூடி, கீழே இறங்கி, மறுபடி ஏறியது. அது மூன்றாம் மாடிக்குத் திரும்புவதற்குள் இமெல்டா விஷயத்தை முடித்துவிட்டார். மாதா கோவில் தமிழ்ப் பூசைக்குக் கீபோர்ட் வாசித்த தேனுஜன் வேலை கிடைத்து நொஷாட்டல் நகரத்துக்குப் போய்விட்டான். பாடகர் குழுவுக்கு வாசிக்க ஆள் இல்லை. ஓய்வு பெற்ற நாளிலிருந்து ஒரேஸ்தேயிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. உடனே சம்மதித்தார்.

ஒத்திகையில் குழுவுக்குத் தலைவி திரேசா. கறுப்புக் கண்ணாடி, கணீரென்ற குரல். ஒரேஸ்தே பென்சிலைக் கூர்தீட்டிக்கொண்டு, எந்தச் சுதி என்று கேட்டார். இமெல்டா மொழிபெயர்த்தார்.

"வழமையான சுதிதான்" என்றார் திரேசா.

மாதா பாட்டைத் தொடங்கினார். ஒரேஸ்தே குறித்துக்கொண்டார். திருப்பிப் பாடியபோது அது ஒரு படி மேலே போயிருந்தது. மூன்றாந்தரம் இன்னும் மேலே.

"இது வேறு சுதி" என்றார் ஒரேஸ்தே.

"என்னவாம் அவர்?"

"சுதி மாறிப்போச்சாம்."

"அவருக்குச் சொல்லு, நான் இருவத்திரண்டு வரியமா இதைத்தான் பாடுறன்."

அன்றோடு பென்சிலை விட்டுவிட்டார். ஏறக்குறைய நாற்பது வருடம் இசைக்குழு நடத்துநரின் கோலைப் பார்த்து வாசித்தவர், பாடும்போது முகத்தோடு நிமிரும் திரேசாவின் நாடியைப் பார்த்து வாசிக்கப் பழகினார். நாடி எவ்வளவு உயருகிறதோ அவ்வளவுக்குச் சுதி. "ஓம்", "இல்லை", "திருப்பி" என்ற மூன்று தமிழ்ச் சொற்களும் கைவந்தன.

ஆவணி மாதாத் திருவிழாவுக்கு நாடு முழுவதிலுமிருந்து சனம் வந்திருந்தது. முன்னூறு பேருக்குக் குறையாது. திரேசாவுக்கு முந்தின வாரமே தடிமன் பிடித்துத் தொண்டை கட்டியிருந்தது. இஞ்சித் தேநீர் குடித்துவிட்டு வந்து, நாடியை முன்னெப்போதும் இல்லாத உயரத்துக்குத் தூக்கினார். முதல் வரி போனது. இரண்டாவது வரியின் நடுவில் குரல் கீச்சென்று நின்றுவிட்டது.

யாரோ இருமினார்கள். பாதர் திரும்பிப் பார்த்தார்.

தவறு நடந்தால் இசைத்தாளுக்குள் தலையைப் புதைப்பதுதான் கடைசி வரிசைக்காரன் பழக்கம். இப்போது அவருக்கு முன்னால் தாள் இல்லை. மாதக்கணக்காகக் கேட்ட மெட்டு விரலில் இருந்தது. வில்லைத் தந்தியில் வைத்தார். மாதாவின் பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வெகு கீழே, மெதுவாக, முழுசாக எழுந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் ஒரு மெட்டைத் தனியே வாசித்தார்.

பிறகு ஒன்று நடந்தது. வழக்கமாகப் பின்கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் ஆண்கள் பாடத் தொடங்கினார்கள். திரேசாவின் சுதிக்கு எட்டமுடியாமல் இத்தனை வருடமும் வாயசைத்து நின்றவர்கள் அவர்கள். தவராஜா என்ற லொறிச் சாரதி கண்ணை மூடிக்கொண்டு முழங்கினார். பெண்களுக்குத்தான் அந்தச் சுதி அடிவயிற்றுக்கும் கீழே போய்விட்டது.

பூசை முடிந்ததும் திரேசா வந்து முன்னால் நின்றார்.

"நீங்கள் வாசிச்சது பிழையில்லை" என்றார், கரகரத்த குரலில். "ஆனா அது வழமையான சுதி இல்லை."

அதற்குப் பிறகு கலியாணவீடு, பிறந்தநாள், பேர்ன் நகரத்து ஒன்றுகூடல் என்று அழைப்புகள் வந்தன. அறிவிப்பாளர் சச்சிதானந்தன் ஒவ்வொரு மேடையிலும் ஐந்து நிமிடம் அவரைப் பற்றிப் பேசினார். என்ன சொல்கிறார் என்று ஒரேஸ்தே கேட்டார்.

"நீங்கள் வந்திருக்கிறீங்கள் எண்டு சொல்லுறார்" என்றார் இமெல்டா.

குழுவில் பன்னிரண்டு ஆண்கள் புதிதாகச் சேர்ந்தார்கள். பாடத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். திரேசா அதற்கும் ஒரேஸ்தேயைத்தான் குறை சொல்கிறார்.

கிரெமோனாவிலிருந்து தங்கை போனில் கேட்டார்: "ஓய்வு எப்படிப் போகிறது?"

"சனிக்கிழமை கலியாணம், ஞாயிறு பூசை. நேரமே இல்லை."

"புது இசைக்குழுவா? எத்தனை பேர்?"

ஒரேஸ்தே கொஞ்சம் யோசித்தார். "முன்னூறு இருக்கும்" என்றார். "ஆண்கள்தான் கொஞ்சம் பிந்துகிறார்கள்."