சொல்லாமல் எழுந்து வந்த வீடு

எனக்கு யாரோ ஏதோ செய்து வைத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அறுபதைத் தாண்டியும் ஒரு தலைவலி மாத்திரை போடாத உடம்பு இது. மூங்கில் சுமந்து முறுக்கேறிய உடம்பு. அதற்குப் போய்ச் சோறு இறங்கவில்லை, நெஞ்சின் மேல் ஈரச் சாக்கைப் போட்டது மாதிரி கனக்கிறது என்றால் என்ன அர்த்தம்? காலையில் பல் விளக்கும்போது அழுகை வருகிறது. யாருக்காக என்று என்னையே கேட்டால் எனக்கே தெரியவில்லை.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். ராமநாதபுரத்தில் பந்தல் கடை வைத்திருக்கிறேன். சாமியானா, நாற்காலி, அப்புறம் இறந்தவர்களை வைக்கிற ஐஸ் பெட்டி. கல்யாணத்துக்கும் பந்தல் போடுவேன்தான், ஆனால் என் பேர் நின்றது ஐஸ் பெட்டியில். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். எவனோ ஒருவன் கடையில் குழி தோண்டி மூங்கில் நட்டுக்கொண்டிருந்தவன். இன்றைக்குத் திருப்பாலைக்குடியிலிருந்து மண்டபம் வரைக்கும் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் முதல் போன் சொந்தக்காரனுக்கு, அடுத்த போன் எனக்கு. படித்தவன் எவனாவது இப்படி ஒரு இடத்தைப் பிடித்துக் காட்டட்டும், பார்க்கலாம்.

அந்த இடம் சும்மா வரவில்லை. மற்ற கடைக்காரர்கள் பெட்டியை ஆளிடம் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். நான் பெட்டியோடு போவேன். இறக்கி வைத்து, ஒயரை மாட்டி, குளிர் ஏறுகிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு, அந்த வீட்டில் யார் ஓரமாகத் தனியே உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்கள் பக்கத்தில் போய் உட்காருவேன். கையைப் பிடித்து, "என்ன செஞ்சுச்சு?" என்பேன். அவ்வளவுதான், கொட்டத் தொடங்கிவிடுவார்கள். கேதம் கேட்க, துக்கம் விசாரிக்க வருகிற மற்றவர்கள் பாதிக் கதையிலேயே செல்லை எடுத்துப் பார்ப்பார்கள். நான் கடைசிவரை கேட்பேன். எந்த ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பினார்கள், கடைசியாக என்ன குழம்பு கேட்டார், அதை வைத்துக் கொடுக்க முடியாமல் போனது ஏன், எல்லாம். அதனால்தான் ஒரு வீட்டுக்கு ஒரு தடவை போனால் அடுத்த சாவுக்கும் அங்கே நான்தான்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். கேத வீட்டிலிருந்து கிளம்பும்போது "போயிட்டு வாரேன்" என்று சொல்லக் கூடாது. சொன்னால், இதே காரியத்துக்குத் திரும்ப வருகிறேன் என்று ஆகிவிடும். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட வேண்டும். வீட்டுக்குள் நுழையும் முன்னால் குளித்துவிட வேண்டும். இந்த இரண்டிலும் நான் பிசகியதே கிடையாது.

இப்போது யோசித்துப் பார்த்தால், மண்டபம் முகாமில் ஒரு இலங்கைக் குடும்பத்துக்குப் பெட்டி கொண்டுபோன அன்றுதான் இது தொடங்கியிருக்க வேண்டும். இறந்தவர் ஒரு பெரியவர். மகள் அக்கரையில், இலங்கையிலேயே இருக்கிறாள், வர வழியில்லை. செல்போனில் வீடியோ போட்டுக் காட்டினார்கள். பிடித்துக்கொண்டிருந்தவர் கண்ணைத் துடைக்கப் போகவும் செல்லை நான் வாங்கிக்கொண்டேன். பெரியவரின் மனைவி என்னிடம், "தம்பி, கொஞ்சம் கிட்டப் பிடியுங்கோ. பிள்ளைக்கு அப்பாவின்ர முகம் வடிவாத் தெரியேல்லையாம்" என்றார். கிட்டப் பிடித்தேன். அந்தப் பெண் தன் செல்லில் தெரிந்த முகத்தைத் தடவியிருக்க வேண்டும். இந்தப் பக்கம் எனக்குத் தெரிந்தது, படத்தை வந்து வந்து மறைத்த ஒரு விரல். அந்த விரலை நான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் அன்றைக்கு எனக்கு அது தோன்றவில்லை. சந்தேகம் முழுக்க மனிதர்கள் மேல்தான். முதலில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பந்தல் கடை வைத்திருக்கிறவன் மேல். என்னைப் பார்த்தால் அவன் வணக்கம் வைப்பதில் ஒரு குழைவு புதிதாக வந்திருந்தது. அந்த வாரமே என் கடை வாசலில் குங்குமம் தடவின எலுமிச்சம்பழம் நசுங்கிக் கிடந்தது. பிடித்துவிட்டேன் என்று கத்தினேன். என் டிரைவர் கை நிறைய கிரீஸோடு வண்டிக்கு அடியிலிருந்து எழுந்து வந்தார். என் வயசுக்காரர், என்னோடு சேர்ந்தே மூங்கில் சுமந்தவர்.

"அண்ணே, அது நான் வச்சது. வண்டிக்குப் புது டயரு மாட்டுனம்ல."

"எங்கிட்டச் சொல்லணுமா இல்லையா?"

"சொன்னேன். நீங்க சொவத்தப் பாத்துக்கிட்டிருந்தீக."

அதையும் நான் நம்பவில்லை. அடுத்தது வீட்டுச் சாப்பாடு. மனைவி தட்டில் சோற்றைப் போட்டுவிட்டுப் போனதும் மோந்து பார்க்கத் தொடங்கினேன். ஒருநாள் அவள் கதவோரமாக நின்று பார்த்துவிட்டாள்.

"வெசம் வைக்கணும்னா கல்யாணமான புதுசுலயே வச்சிருப்பேன். இப்ப வச்சு எனக்கு என்ன வரப்போகுது? சாப்புடுங்க."

டாக்டரிடமும் போனேன். நெஞ்சில் ஒயர் ஒட்டிப் படம் எடுத்துவிட்டு, "இதயம் நல்லா இருக்கு. அடுத்தவங்க அழுகைய வீட்டுக்குக் கொண்டு போறீங்க. கொஞ்ச நாள் ஒதுங்கி இருங்க" என்றார். அந்த மாதிரி ஒரு வியாதி உண்டா? படிப்பு இல்லாதவன் என்று எதையோ சொல்லி அனுப்புகிறார் என்று நினைத்துக்கொண்டேன். என் டிரைவருக்குத் தெரிந்தவர் அந்த டாக்டர் என்பது வேறு என் மனதில் உறுத்தியது.

இதற்கு நடுவில்தான் மகள் விஷயம் வந்தது. ஒரே மகள். உத்தரகோசமங்கைக்குப் பக்கத்தில் விவசாயக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறேன். முதல் தடவையாக உண்டாகியிருந்தாள். மனைவிக்கு முட்டிவலி, அதனால் பழமும் இனிப்பும் வாங்கிக்கொண்டு நான் மட்டும் பார்க்கப் போனேன். அன்று காலையில் ஒரு சாவுக்குப் பெட்டி இறக்கியிருந்தேன். குளித்து, வேட்டி மாற்றிக்கொண்டுதான் போனேன். காப்பி குடித்தேன், மகளிடம் பேசிக்கொண்டிருந்தேன், வந்துவிட்டேன். எனக்கு நினைவிருப்பது அவ்வளவுதான்.

சில நாள் கழித்துச் சம்பந்தியம்மா என் மனைவிக்குப் போன் போட்டார். தலைப்பிரசவத்தைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொள்கிறாராம். பெண்ணை எங்கள் வீட்டுக்கு அனுப்பவில்லையாம். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது காலங்காலமாக வருகிறது. நாளைக்கு ஊரில் என்ன சொல்வார்கள்? பந்தல்காரன் மகளுக்கு ஒரு பிரசவம் பார்க்க வக்கில்லாமல் போனான் என்பார்கள். தொட்டிலுக்கு மரம்கூட நான் பார்த்து வைத்திருந்தேன்.

"என்ன காரணமாம்?" என்றேன்.

மனைவி மென்று விழுங்கிச் சொன்னாள். "அன்னைக்கு நீங்க போயிட்டு வாரேன்னு சொல்லாம எந்திரிச்சு வந்தீகளாம். துண்ட ஒதறிப் போட்டுக்கிட்டு, திரும்பியே பாக்காம. சுபமான வீட்ட கேத வீடாக்கிட்டுப் போயிட்டாகளேன்னு அந்தம்மா சொல்லுது."

எனக்குச் சுருக்கென்றது. நான் அப்படிச் செய்வேனா? செய்திருக்க மாட்டேன். செய்திருந்தாலும் அதைப் பிடித்துக்கொண்டு பெண்ணை அனுப்ப மாட்டேன் என்பதற்கு உள்ளே வேறு ஏதோ இருக்கிறது. சம்பந்தியம்மாவுக்கு முதலிலிருந்தே என் தொழிலைப் பிடிக்காது. கல்யாணப் பேச்சின்போதே, "பெட்டிய வீட்டுலயா வச்சிருக்கீக?" என்று கேட்டவர். பஸ் ஸ்டாண்டு ஆசாமியின் தூரத்துச் சொந்தம் யாரோ அந்த ஊரில் இருக்கிறார்கள். எல்லாம் ஒன்றோடு ஒன்று சரியாகப் பொருந்தியது. நேரில் போய்க் கேட்டுவிடுவது என்று கிளம்பிப் போனேன்.

சம்பந்தியம்மா தொழுவத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். வாங்க என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார். நான் உள்ளே போய், அவருக்குக் கேட்கிற மாதிரியே மகளிடம் சத்தம் போட்டேன். யார் சொல்லிக் கொடுத்தது, எவன் தூண்டிவிட்டது, எனக்கு எல்லாம் தெரியும் என்று.

மகள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிராமல் சொன்னாள்.

"அத்தைய ஏன் வையிறீக? வரலைன்னு சொன்னது நான்தான். எனக்காக அவுக பழியத் தம்மேல போட்டுக்கிட்டாக."

"நீயா? ஏன்த்தா?"

"நீங்க வீட்டுக்குள்ள வந்தா அம்மா டிவிய அமத்தும், பாத்திருக்கீகளா? நான் சிரிச்சுக்கிட்டிருந்தா வாய மூடிருவேன். நீங்க எதும் சொல்ல மாட்டீக. குளிச்சிட்டுத்தான் வருவீக. ஆனா மூஞ்சியில யாராச்சும் செத்திருப்பாக. எனக்கு வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு அது முடியாதுய்யா."

"நான் வீட்டுல ஒருநாளாவது அழுதிருக்கேனா?"

"அழுதிருந்தாத் தேவலையே. அன்னைக்கு வந்தீகள்ல, வாந்தி நிக்கவே இல்லை, பயமா இருக்குன்னு சொன்னேன். கையப் புடிச்சு, 'என்ன செஞ்சுச்சு?'ன்னு கேட்டீக. நான் சொல்லிக்கிட்டே இருந்தேன். நீங்க சொவத்தப் பாத்துக்கிட்டே இருந்தீக. முடிச்சதும் துண்ட ஒதறிப் போட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டீக. செத்தவளப் பத்திக் கேட்ட மாதிரி இருந்துச்சு எனக்கு."

வாந்தி என்று அவள் சொன்னது எனக்கு நினைவே இல்லை. முன்பின் தெரியாத வீட்டில் எந்தக் கிழவர் என்ன குழம்பு கேட்டார் என்பதெல்லாம் அட்சரம் பிசகாமல் சொல்வேன். பெற்ற மகள் பயமாக இருக்கிறது என்று சொன்னது என் காதில் ஏறவில்லை. யாரோ அவளுக்குச் சொல்லிக் கொடுத்துப் பேசுகிறாளா என்று முகத்தை உற்றுப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர். வெங்காயமாக இருக்குமோ என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. இத்தனை வருஷம் அழுகையைப் பார்த்தவனுக்கு அது வெங்காயம் இல்லை என்று தெரியாதா?

"என்ன செய்யணுங்கிற?" என்றேன்.

"பெட்டி போகட்டும். நீங்க போகாதீக. ஒம்பதாம் மாசம் வரைக்கும் பாப்போம். அப்புறம் சொல்றேன் வாரதா வேணாமான்னு."

என்னிடம் இப்படி நிபந்தனை போட்டுப் பேசின ஆள் இந்த ஜில்லாவில் கிடையாது. சரி என்று எழுந்தேன். துண்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு, வாசலில் நின்று, "போயிட்டு வாரேன்" என்றேன்.

தொழுவத்திலிருந்து சம்பந்தியம்மா, "காதுல விழலையே" என்றார்.

"போயிட்டு வாரேன் சம்பந்தி!"

"வாங்க, வாங்க. மெதுவாச் சொல்லுங்க, மாடு மெரளுது."

உள்ளே மகள் சிரித்த சத்தம் கேட்டது.

அதற்கப்புறம் டிரைவர் தனியாகப் பெட்டி கொண்டுபோனார். போகிற இடத்தில் எல்லாம், "அண்ணன் வரலையா?" என்று கேட்டார்களாம். கேட்கத்தானே செய்வார்கள்? திரும்பி வந்ததும் நான் அவரைச் சும்மா விடவில்லை. யார் அழுதார்கள், என்ன சொன்னார்கள் என்று துருவினேன்.

"அவுக சொன்னாக, நான் 'ம்'னேன். வண்டியில ஏறிப் பாட்டு வச்சா அது போயிருது அண்ணே."

"எங்க போயிருது?"

"எங்கிட்டோ போகுது. எனக்கென்ன தெரியும்?"

எனக்கு நம்பிக்கை இல்லை. அது எங்கும் போகாது. ஒன்று இந்த ஆள் காதில் வாங்குவதே இல்லை, இல்லையென்றால் என்னிடம் மறைக்கிறார். ஆனாலும் கடையில் உட்கார்ந்து சாமியானாவுக்கு ஓட்டை தைத்துக்கொண்டிருந்த நாட்களில், சோறு கொஞ்சம் இறங்கியது. பல் விளக்கினால் பல் மட்டும் விளக்க முடிந்தது. டாக்டர் சொன்னது சரியாக இருக்குமோ என்று தோன்றியபோது, அதை மனைவியிடம் சொல்லவில்லை.

மகள் வருவதற்குக் கொஞ்ச நாளுக்கு முன்னால் மண்டபம் முகாமிலிருந்து போன் வந்தது. அந்தப் பெரியவரின் மனைவி போய்விட்டார். "அக்கரையில பிள்ளைக்குக் காட்ட வேணும். அண்டைக்குப் போனைப் பிடிச்சவரை வரச் சொல்லுங்கோ" என்றார்கள். செருப்பை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். டிரைவர் வண்டியை எடுக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் மகள் சொன்னது அவருக்கும் தெரியும்.

கதவைத் திறந்தேன், திரும்பச் சாத்தினேன். பிறகு இறங்கினேன்.

"செல்போன முகத்துக்குக் கிட்டப் புடிக்கணும். கை ஆடக் கூடாது. அந்தப் புள்ளை போதும்னு சொல்றவரைக்கும் எடுக்கக் கூடாது, வெளங்குதா? வரும்போது சொல்லாம வந்துரு."

"எனக்குத் தெரியாதா அண்ணே?" என்று வண்டியை எடுத்தார்.

சாயங்காலம் திரும்பி வந்தவரிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கையைக் காட்டி நிறுத்திவிட்டேன். அந்தப் பெண் அன்றைக்கு என்ன சொல்லி அழுதாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்காமல் விட்ட ஒரே சாவு அதுதான். பெரிய மலையைப் புரட்டியவனுக்குக்கூட அவ்வளவு வலித்திருக்காது.

ஒன்பதாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் சம்பந்தியம்மாவே மகளைக் கொண்டுவந்து விட்டார். கிளம்பும்போது என்னைப் பார்த்துக்கொண்டே, வேண்டுமென்றே சத்தமாக, "போயிட்டு வாரேன்" என்றார்.

மறுநாள் கடையிலிருந்து வீட்டுக்கு வந்தேன். வாசலிலேயே டிவி சத்தம் கேட்டது. உள்ளே மகளும் அவள் அம்மாவும் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் வாசற்படியில் நின்று இருமினேன். மனைவி திரும்பிப் பார்த்தாள். அவள் கை ரிமோட்டின் பக்கம் போனது. போய், பக்கத்தில் இருந்த முறுக்கை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தது. டிவி ஓடிக்கொண்டிருந்தது.

எனக்காகத்தான் இப்படி அணைக்காமல் விட்டிருக்கிறார்களோ, இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு செய்கிறார்களோ என்று சந்தேகம் வராமல் இல்லை. டிவியில் ஒருவன் குடையோடு ஓடிக்கொண்டிருந்தான், இவர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்றும் புரியவில்லை. மகள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"என்னய்யா, சொவத்தப் பாக்குறீகளா?"

"இல்லத்தா. டிவியத்தான் பாக்குறேன். அந்தக் கொடைக்காரன் யாரு, என்ன செஞ்சான், மொதல்ல இருந்து சொல்லு."