முதலில் வைக்கமாட்டாள்

டார்லா ஹக்கின்ஸ் வீட்டில் தொலைபேசி அடித்தால் நாய்கூட எழுந்து வெளியே போய்விடும். எடுக்க ஆளில்லை. அடித்து அடித்து அது ஓய்ந்த பிறகுதான் டார்லாவுக்கு மூச்சு வரும். அப்புறம் மகளுக்கு ஒரு மெசேஜ் அனுப்புவாள்: 'வேலையா இருந்தேன்.'

ஐடஹோவில் நிறைமாதமாக இருந்த கெல்சிக்கு அந்தப் பொய் பழகிவிட்டது. 'பேத்தி பொறந்தாலும் மெசேஜ்லயே கொஞ்சிக்கோ' என்று ஒருமுறை பதில் போட்டாள். அது டார்லாவைச் சுட்டது.

இத்தனைக்கும் அவள் போன் எடுத்தே வாழ்ந்தவள். 911 என்ற அவசர உதவி எண்ணின் அறையில் காதில் ஹெட்செட்டோடு உட்கார்ந்திருந்த காலத்தில், அவள் குரலைப் பிடித்துக்கொண்டு பிழைத்தவர்கள் ஒரேகானின் அந்தப் பள்ளத்தாக்கில் ஊருக்கு ஊர் உண்டு. அந்த அறையில் அவள் மீறாத வழக்கம் ஒன்று: உதவி போய்ச் சேரும்வரை லைனில் இருப்பாள், கூப்பிட்டவர்தான் முதலில் வைக்க வேண்டும்.

காட்டுத்தீ மலையிறங்கிய அன்று ஹோல்ட் என்ற கிழவர் கூப்பிட்டார். பாதை மூடிவிட்டது. யாராலும் போய்ச் சேர முடியவில்லை. கடைசியில் லைனில் 'டக்' என்று ஓர் ஓசை. வேலையை அவள் விட்டாள். அந்த ஓசை அவளை விடவில்லை. மாத்திரையும் கவுன்சலிங்கும் பாதிக் கிணறுதான் தாண்ட வைத்தன.

மனக்காயத்துக்கு மருந்தாகப் போதைக் காளான் கொடுக்க அரசே அனுமதித்த, யூஜீனில் இருக்கும் மையத்துக்குப் போகிறேன் என்று அவள் சொன்னபோது கணவன் வெய்ன் சிரித்தான். "எங்கப்பா காலத்துல இதுக்கு ஜெயில்ல போட்டாங்க. இப்ப ரசீது குடுக்கறாங்க." சொன்னானே தவிர, வண்டியை அவன்தான் ஓட்டினான்.

அங்கே துணைக்கு உட்காருபவள் ஓடெட், முன்னாள் நர்ஸ். முன்னேற்பாட்டுக்குப் போன நாளில் கண்பட்டையையும் பாட்டுக் கேட்கும் ஹெட்போனையும் கொடுத்துப் பழகிப் பார்க்கச் சொன்னாள். ஹெட்போன் காதில் பட்டதும் டார்லா சூடு பட்டவள்போல் பிடுங்கி எறிந்தாள்.

"பாட்டு வேணாம்னா வேணாம். நான் பக்கத்துல சும்மா உக்காந்திருக்கேன், போதுமா?" என்றாள் ஓடெட்.

குறித்த நாளில் காளான் பொடியை இஞ்சித் தேநீரில் கலந்து குடித்தாள். சாக்கில் ஊறிய மண் போல ஒரு ருசி. கொஞ்ச நேரத்தில் சுவர் மூச்சுவிட ஆரம்பித்தது. அழுதாள், ஓடெட்டின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு தானாகவே எழுந்து உட்கார்ந்தாள்.

"அந்த ஹெட்போனைக் குடுங்க. பாட்டுப் போடாதீங்க."

மாட்டிக்கொண்டு, பழைய வேலைக்குரலில் பேசினாள். "மிஸ்டர் ஹோல்ட், நான் லைன்லதான் இருக்கேன். எங்கயும் போகல."

டார்லா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கிழவர் கடைசியாகச் சொன்னது அவளுக்குத் தெரியாததல்ல. 'போதும்மா, வேற யாராவது கூப்பிடுவாங்க, அவங்களப் பாரு' என்று சொல்லிவிட்டு அவரேதான் வைத்தார். இத்தனை நாள் அந்த வார்த்தைகள் அவளுக்குள் இறங்க 'டக்' வழிவிடவில்லை. இன்றைக்கு வார்த்தைகள் முந்திக்கொண்டன.

"சரிங்க மிஸ்டர் ஹோல்ட். நீங்க வைக்கலாம்" என்றாள். காத்திருந்தாள். பிறகு ஹெட்போனைக் கழற்றி, ஷிப்ட் முடிந்தவள்போல் மெல்லக் கீழே வைத்தாள். "எனக்குப் பசிக்குது" என்றாள்.

தெளியும்வரை இருக்கச் செய்துதான் ஓடெட் அவளை வெளியே விட்டாள். "இதோட எல்லாம் முடிஞ்சுதுன்னு நெனைக்காதீங்க. அடுத்த வாரம் வந்து பேசணும்."

வண்டியில் பர்கர் காத்திருந்தது. "என்ன, கடவுளப் பார்த்தியா? என்னப் பத்திக் கேட்டாரா?" என்றான் வெய்ன்.

"இந்தச் சட்டையத் தொவைக்கச் சொன்னார்."

அவன் சிரித்து முடிப்பதற்குள் போன் அடித்தது. கெல்சி. அதை அமுக்க வெய்னின் கை பழக்கத்தில் நீண்டது. டார்லா அந்தக் கையைத் தட்டிவிட்டாள். எடுத்தாள். வாயில் வந்தது பழைய வாசகம்:

"911. எந்த இடத்துல அவசரம்?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் ஓசை. "என் வயித்துலதாம்மா. உன் பேத்தி உதைச்சுக்கிட்டே இருக்கா."

யூஜீனைத் தாண்டி, பாலம் தாண்டி, வண்டி வீட்டு வாசலில் வந்து நின்றது. எஞ்சினையும் அணைத்தாகிவிட்டது.

"இறங்கு டார்லா. வீடு வந்தாச்சு."

அவள் போனைக் கையால் மூடிக்கொண்டாள். "இரு, அவ இன்னும் வைக்கல."