கால் எட்டாத சைக்கிள்

மகள் ஏழாம் வகுப்புக்குப் போனபோது நெல்லியடிக் கடையொன்றில் பழைய மவுண்டன் சைக்கிள் ஒன்று பார்த்தோம். சீற்றை முழுதாக இறக்கி அவளை இருத்தினோம். "அம்மா, கால் நிலத்துக்கு எட்டேல்லை" என்றாள்.

"வளருற பிள்ளைதானே, ஒரு வருசத்திலை எட்டும்" என்றேன். பள்ளிச் சட்டைக்கே மடிப்பு விட்டுத் தைப்பிக்கிறவள் நான். சைக்கிளையும் அப்படித்தான் நினைத்தேன். கோயில் வாசலில் சில்லுக்கடியில் தேசிக்காய் வைத்து நசித்து, ஓட விட்டோம்.

ஒரு நாள் காலை அவள் பள்ளிக்கு ஓடிப்போகையில், எங்கள் ஒழுங்கை பெரிய வீதியில் ஏறும் முகப்பில் மணல் டிப்பர் ஒன்று வேகமாக வந்தது. மகள் பிறேக் பிடித்தாள். சைக்கிளும் நின்றது. ஊன்றத்தான் கால் எட்டவில்லை. வீதிப்பக்கம் சரிந்தாள். டிப்பரின் பின்சில்லு அவளுடைய வலது பாதத்தில் ஏறியது. விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. சைக்கிளுக்குக் கீறல்கூட இல்லை.

அண்மையில் சின்னவனுக்குப் பழைய சைக்கிள் வாங்கப் போனோம். அவனை ஏற்றி இருத்தி, இரண்டு பாதமும் நிலத்தில் படிகிறதா என்று குனிந்து பார்த்தேன்.

"இஞ்சரும், வாற வருசம் இது சின்னனாப் போயிடும்" என்றார் கணவர்.

"போகட்டும். அப்ப வேறை எடுப்பம்" என்றேன்.

மகளின் சைக்கிள் விறாந்தையில் நிற்கிறது. இப்போது அவளுக்குக் கால் எட்டும். ஏறமாட்டாள்.