ஆட் பண்ணப் போய் அடித்த பெயர்

1. கடலூர் நீதிமன்றங்களில் தொழில் செய்யும் வழக்கறிஞர் நசீர் ஆகிய நான், என் நினைவுக்கு எட்டிய வரையில் உண்மை என்று நம்பியே இதை இங்கே பதிகிறேன். நினைவு பிசகும் இடங்களில் அதையும் சொல்லிவிடுகிறேன்.

2. முதலில் வருவது ஒரு வாசனை. முந்திரிக் கொட்டையின் ஓட்டில் இருக்கும் எண்ணெய் வாசனை... காரமாக, தொண்டையைப் பிடிப்பதாக. அது ரோசம்மாக்காவின் ரேஷன் கார்டிலிருந்து வந்தது.

எண் போடுவதை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன். மற்றவை அவ்வளவு வரிசையாக என் மனதில் இல்லை.

பிளாஸ்டிக் கார்டு வருவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது இது. நான் அப்போது ஜூனியர். நெய்வேலியில் அப்பாவின் குவார்ட்டர்ஸிலிருந்து தினமும் கடலூருக்கு பஸ்ஸில் போய் வந்தேன். பக்கத்து குவார்ட்டர்ஸ் அருள்தாஸ் அண்ணனுடையது. மைன்ஸில் ஆபரேட்டர், பர்மனென்ட். குள்ளஞ்சாவடிப் பக்கம் பிறந்தவர். சிறு வயதிலேயே தாய் தகப்பனை இழந்த அவரை, முந்திரி உடைத்து ஐ.டி.ஐ. வரை படிக்க வைத்தவர் அக்கா ரோசம்மாள். அக்கா திருமணம் செய்துகொள்ளவில்லை.

அந்த நாட்களில் டவுன்ஷிப்பில் எல்லார் வாயிலும் ஒரு சொல் இருந்தது. ஆட். ரசத்துக்குக் கொஞ்சம் உப்பு ஆட் பண்ணு, என்னையும் பிளாக் வாட்ஸ்அப் குரூப்பில் ஆட் பண்ணு, கல்யாணப் பத்திரிகையில் சித்தப்பா பெயரை ஆட் பண்ணு... எதையும் எடுக்காமல் ஒன்றை வைப்பது என்றுதான் நானும் புரிந்து வைத்திருந்தேன்.

ஒரு நாள் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து வந்த கையோடு அருள்தாஸ் அண்ணன் எங்கள் வாசலில் நின்றார்.

"வக்கீல் தம்பி, அக்காவுக்குக் கண்ணுல பிரஷராம். எடது கண்ணு போயிட்டுது. உடனே பாக்கலன்னா இன்னொண்ணும் போயிடும்னு டாக்டர் சொல்றாரு. கம்பெனி மெடிக்கல்ல அக்கா பேர ஆட் பண்ணணும். எழுதிக் குடுங்க."

திருமணமாகாத, தம்பியை நம்பி வாழும் அக்காவைச் சேர்க்க இடம் உண்டு என்று அவர் விசாரித்து வந்திருந்தார். விதியின் வாசகம் எனக்கு இப்போது நினைவில்லை. குவார்ட்டர்ஸ் முகவரியில், அவர் தலைவராக உள்ள ரேஷன் கார்டில் அக்கா பெயர் இருக்க வேண்டும் என்று கம்பெனியில் கேட்டிருந்தார்கள்.

"உங்க கார்டை எடுத்துட்டு வாங்கண்ணே."

"எனக்கு ஏது கார்டு? எம் பேரு அக்கா கார்டுலதான் இருக்குது."

கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகும், காகிதத்தில் அவர் அக்கா வீட்டுப் பிள்ளையாகவே இருந்தார். புதுக் கார்டு வேண்டுமானால் பழையதை ஒப்படைத்து, இருவர் பெயரையும் நீக்கிய சான்று வாங்க வேண்டும்.

மறுநாள் அக்கா வந்தார். கறுத்துப்போன விரல்களால் முந்தானையை அவிழ்த்து, கார்டை எடுத்து என் மேஜையில் வைத்தார். குடும்பத் தலைவர்: ரோசம்மாள். அடுத்த வரி: அருள்தாஸ், தம்பி.

"இன்னா வக்கீலு, என்னைக் கொண்டாந்து இவன்கூட ஆட் பண்ணப் போறீங்களாமே? இவனுக்குப் பதினோரு வயசுல இவன என்கூட ஆட் பண்ணவ நானு."

"ரெண்டும் ஒண்ணுதாங்க்கா" என்றேன்.

அது சரியான விடை அல்ல. எனக்குத் தெரிந்தே சொன்னேன். கார்டு திரும்பி வராது என்று சொன்னால் எழுந்து போய்விடுவார், மிச்சம் இருக்கும் கண்ணும் போய்விடும் என்று பயந்தேன். ஒரு கமாவுக்கு மூன்று முறை யோசிக்கிறவன் நான். அந்த ஒரு வரியை மட்டும் அவரிடம் சொல்லாமல் விட்டேன். அருள்தாஸ் அண்ணனும் வாயைத் திறக்கவில்லை.

குறிஞ்சிப்பாடியில் வட்ட வழங்கல் அலுவலகம். எழுத்தர் கார்டைப் பிரித்தார், சிவப்பு மையில் இரண்டு பெயர்கள் மேலும் கோடு இழுத்தார், முத்திரை குத்தினார். கார்டைத் தன் பக்கத்தில் இருந்த காகிதக் கட்டுக்குள் செருகினார்.

அக்காவுக்குக் கோடு தெரியவில்லை. முத்திரைச் சத்தம் கேட்டது.

"கார்டு எங்க?"

"அது வராதும்மா. சரண்டர் ஆயிட்டுது. உங்க பேரு இனிமே தம்பி கார்டுல வரும்."

அக்கா என் பக்கம் திரும்பினார். "சேக்குறேன்னுதான சொன்னீங்க?"

அருள்தாஸ் அண்ணன் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்துக்கொண்டிருந்தார், அல்லது படிப்பதுபோல் நின்றார்.

"ஒரு வாட்டி குடுங்க சார். பாத்துட்டுத் தரேன்."

எழுத்தர் என்ன நினைத்தாரோ, கட்டுக்குள்ளிருந்து உருவிக் கொடுத்தார். அக்கா அதை வலது கண்ணில் ஒட்டிக்கொள்வதுபோல் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு தம்பியைக் கூப்பிட்டார்.

"இங்க பாருடா. கோடு போட்டும் பேரு தெரியுது. எம் பேருதான் மேல இருக்குது."

"ஆமாக்கா."

"வாயில சொன்னா பத்தாது. நெனப்புல வச்சிக்கினு இரு."

கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தானே முன்னால் படியிறங்கினார். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, "சொல்லியிருந்தா வந்திருக்க மாட்டேன். அது உங்களுக்குத் தெரியும், இல்ல?" என்றார். கோபமா, ஒப்புதலா... இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

வலது கண் தப்பிவிட்டது. மருந்தோடு இன்றும் பார்க்கிறார். அதை வைத்து நான் செய்தது சரி என்று வாதிடலாம். எதிர்த்தரப்பில் நின்றால் அதைவிட நன்றாக வாதிடுவேன்.

இப்போது எல்லாம் ஃபோனில் முடிகிறது. ஒரு பெயரை எடுத்தால் எடுத்த இடமே தெரிவதில்லை, கோடுகூட மிஞ்சுவதில்லை. யாராவது "இதை ஆட் பண்ணணும் சார்" என்று வந்து உட்கார்ந்தால், எதை அடிப்பார்கள் என்பதைத்தான் நான் முதலில் சொல்கிறேன். சிலர் எழுந்து போய்விடுகிறார்கள்.

இதைப் பதியும் முன் அருள்தாஸ் அண்ணனுக்கு ஃபோனில் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "எல்லாம் சரிதான் தம்பி. கீழ சாட்சி போடுவீங்க இல்ல, அக்கா பேர மேல போடுங்க" என்றார்.

ஒப்பம்,
நசீர்

சாட்சிகள்:
ரோசம்மாள்
அருள்தாஸ், தம்பி